தவணை கடந்த சிகிச்சை

தவணை என்ற சொல்லின் பொருளை அறியாத அங்கத்தினர் நமது சங்கங்களில் ஒருவரும் இலர். பயிர்க்கடன் பெற்றவர், அறுவடை முடிந்தபின் இன்ன தேதிக்குள் அசலும் வட்டியும் செலுத்த வேண்டும் என்பதை அறிவார். தறி வாங்கக் கடன் பெற்ற நெசவாளர், மாதந்தோறும் தமது கூலியில் இவ்வளவு பிடித்தம் ஆகும் என்பதை அறிவார். தவணை தவறினால் அபராத வட்டி சேரும். மேலும் தவறினால் நோட்டீசு வரும். அதன்பின் மத்தியஸ்தத் தீர்ப்பும் நிறைவேற்று மனுவும் வரும். இவை யாவும் எழுத்தில் உள்ளவை. கடன்பட்டவர் மறந்தாலும் பேரேடு மறப்பதில்லை.

சிறு குழந்தைகளுக்குச் செய்யவேண்டிய அறுவை முதலிய ரண சிகிச்சைகளுக்கும் இத்தகைய தவணை உண்டு. முதியவர் ஒருவரின் மூட்டு வலிக்கான அறுவை ஆறு மாதம் பிந்தினால் அவர் ஆறு மாதம் வலி பொறுத்திருக்கிறார். பின்னர் செய்தாலும் பெரும்பாலும் அதே பலன் கிட்டுகிறது. குழந்தையோ வளர்ந்துகொண்டிருக்கும் உயிர். அதன் எலும்பும் கண்ணும் நுரையீரலும் சிகிச்சைக்காகக் காத்து நிற்பதில்லை. உள்ள குறையைச் சுற்றியே வளர்ந்துவிடுகின்றன. குறித்த வயதில் சிறு கீறலால் தீர்வது, வயது கடந்தபின் பெரிய அறுவையாலும் முழுதும் தீராமற் போகலாம். சில, தீரவே தீரா. இத்தவணையைக் குறித்து வைக்கும் பேரேடு பெற்றோரிடம் இல்லை; பல இடங்களில் மருத்துவமனையிலும் இல்லை.

உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான ரண சிகிச்சை உரிய காலத்தில் எட்டுவதில்லை என்று 2015-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு அறிவித்தது. அவர்களுள் 170 கோடிப் பேர் குழந்தைகளும் இளஞ்சிறாரும் என்று 2019-இல் வெளிவந்த மற்றொரு கணக்குக் கூறுகிறது. இவ்வளவு பெரிய தொகைகள் மனத்தில் பதிவது அரிது. ஆகவே நாம் ஒரு சிறு பாதத்திலிருந்து தொடங்குவோம்.

ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, பாதம் உட்புறமாக மடங்கிய நிலையில் பிறக்கிறது. வளைபாதம் என்று இதனைக் கூறுவர். அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னேஷியோ பொன்செட்டி என்பவர் வகுத்த முறையே இப்பொழுது எங்கும் கையாளப்படுகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரம் ஒரு முறை பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஐந்தாறு கட்டுகளுக்குப் பின், தேவைப்படின் குதிகால் தசைநாரில் ஒரு சிறு வெட்டு. அதன்பின் இரு காலணிகளை ஒரு பட்டையால் இணைத்த கருவியை மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பின்னர் நான்கு வயது வரை உறங்கும் வேளையிலும் அணிவித்தல் வேண்டும். இதில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. விலையெல்லாம் வாராவாரம் செல்லும் பயணத்திலும், அன்றைய கூலி இழப்பிலுமே அடங்கியிருக்கிறது. "கால் நேராகிவிட்டதே" என்று காலணியை இடையில் கழற்றிவிட்ட குழந்தைகளுக்கே பெரும்பாலும் பாதம் மறுபடி மடங்குகிறது. குழித்தறியில் அமர்ந்து இரு காலாலும் மிதிகட்டையை மிதிப்போருக்குப் பாதத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கண்ணின் தவணை இதனினும் குறுகியது. பிறக்கும்போதே கண்ணில் புரை இருப்பின், அடர்ந்த புரையை முதல் இரண்டு மாத அளவிலேயே அகற்றல் நலம். காலம் கடந்தபின் புரையை எடுத்தாலும் கண் தெளிவாக இருக்கும். ஆனால் பார்ப்பதற்குப் பழகவேண்டிய பருவத்தில் மூளைக்குப் பாடம் கிடைக்காமையால் பார்வை மங்கியே நிற்கும். ஈரலிலிருந்து பித்தம் வெளிவரும் நாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைக்கு, ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் கண்ட அறுவை 60 நாட்களுக்குள் நடைபெறின் பலன் மிகுதி. பிறந்து இரண்டு வாரத்திற்கு மேலும் மஞ்சள் நீங்காமல், மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகப் போகுமாயின் அதுவே அடையாளம். "மஞ்சள்தானே, காலை வெயிலில் காட்டு" என்று சொல்லக் கேட்டு நாற்பது நாள் கழிந்துவிட்டால் எஞ்சியிருப்பது இருபதே நாள்.

உதடு பிளந்து பிறந்த குழந்தையைப் பற்றி நமது கிராமங்களில் இன்றும் கிரகணத்தின்மீது பழி கூறுகிறார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது ஒருபுறம் இருக்க, அப்பழியினால் விளையும் தீங்கு யாதெனில், தாய் வெட்கி வீட்டுக்குள் முடங்குகிறாள். குழந்தையும் அவளோடு முடங்குகிறது. உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தைப் பேச்சு வருமுன் ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்துவிட வேண்டும். அண்ணம் பிந்தினால், தையல் நன்றாக அமைந்தாலும் பேச்சு மூக்கின் வழியே போகும் பழக்கம் நின்றுவிடுகிறது. ஆண் குழந்தையின் விதை இறங்காமையும் இப்படி வெளியிற் சொல்லக் கூசும் ஒன்று. ஆறு மாதத்திற்குள் தானாக இறங்காவிடில் பின்பு இறங்குவது அரிது; ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்தல் வேண்டும். பள்ளியிற் சேர்த்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதே வழக்கமாயிருக்கிறது.

இருதயத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. ஆயிரம் குழந்தைகளுக்கு எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள் இருதயத்தில் ஏதேனும் ஒரு குறையோடு பிறக்கின்றன. இந்தியாவில் ஆண்டொன்றுக்கு இரண்டு லட்சத்திற்கு மேல் என்பது மதிப்பு. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை தேவைப்படுகிறது. பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களே தவணை. மிகுதியாகக் காணப்படுவதோ, இருதயத்தின் கீழ் அறைகள் இரண்டிற்கும் நடுவிலுள்ள சுவரில் துவாரம்.

உழவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மேட்டு வாய்க்காலுக்கும் பள்ள வாய்க்காலுக்கும் இடையே கரை உடைந்தால், மேட்டு நீர் பள்ளத்திற் பாய்கிறது. அதுபோல உடலுக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி மிகுந்த வேகத்தோடு நுரையீரலுக்குத் திரும்பிப் பாய்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, எடை ஏறுவதில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது. ஓயாத அவ்வேகத்தைத் தாங்கும்பொருட்டு நுரையீரலின் நுண்குழாய்கள் தம் சுவர்களைத் தடித்துக் கொள்கின்றன, வழி குறுகுகிறது. பள்ள வாய்க்கால் வண்டலால் மேடிட்டு, நீர் எதிர்த்துத் திரும்புவதை ஒக்கும் இது. அந்நிலை முற்றியபின் உடைப்பை அடைக்கக்கூடாது. அடைத்தால் இருதயத்தின் வலப்பக்கம் எதிர்த்து உந்த மாட்டாமல் சோர்ந்துவிடும். முதல் ஆண்டிலோ அதையொட்டியோ மூடினால் மற்றக் குழந்தைகளைப்போல் ஓடியாடக்கூடிய குழந்தை, சில ஆண்டு கடந்தபின் எந்த நிபுணராலும் தொட முடியாத நோயாளியாகிறது.

இங்கு ஒன்று கூறாவிடில் மருத்துவர்களுக்கு அநீதி இழைத்தவர்களாவோம். துவாரம் யாவும் அறுவைக்குரியன அல்ல. சிறு துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று மருத்துவர் கூறுவது, பல சமயம் தாமதமன்று, சிகிச்சையே அதுதான். ஆனால் "குழந்தை வளரட்டும்" என்பதற்காகச் சொல்லும் ஆறு மாதமும், "அறுவைக்கூடத்தில் இடமில்லை" என்பதற்காகச் சொல்லும் ஆறு மாதமும் பெற்றோர் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. சீட்டிலும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. ஆகவே குழந்தையை அழைத்துச் செல்லும் அங்கத்தினர் மருத்துவரிடம் இரண்டு வினாக்களை மரியாதையாக வினவுதல் நலம்: இச்சிகிச்சை எந்த வயதுக்குள் முடிந்தாக வேண்டும்? இப்பொழுது நாம் எதன் பொருட்டுக் காத்திருக்கிறோம்? விடையைச் சீட்டின் பின்புறத்தில் எழுதித் தருமாறு கேட்பதும் தவறன்று. பெரும்பாலான மருத்துவர்கள் எழுதித் தருவர்.

நெசவாளர் சங்கம் ஒன்றில் சென்ற ஆண்டு ஆய்வு நடத்தியபோது, ஓர் அங்கத்தினர் பெயரில் 3,000 ரூபாய் முன்பணம் 2015 முதல் நிலுவையாக நிற்பதைக் கண்டு விவரம் கேட்டோம். காரியதரிசி சிறிது தயங்கி, அது குழந்தையின் வைத்தியத்திற்காகக் கொடுத்தது என்றார். பழைய ஏடுகளை எடுத்துப் பார்த்தோம். அங்கத்தினரின் கணக்கில் நூல் வழங்கிய தேதியும், துணி வரவு வைத்த தேதியும், கூலி பட்டுவாடா ஆன தேதியும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. அவரை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டு ஏட்டைப் புரட்டினோம். அக்குழந்தையின் வரலாறு முழுவதும் அதிலிருந்தது.

2015 ஏப்ரலில் பதினைந்து நாள் துணி வரவில்லை. பெண் குழந்தை பிறந்த சமயம். ஆகஸ்டில் மூன்று நாள். ஜில்லா மருத்துவமனையில் இருதயத்தில் பெரிய துவாரம் உள்ளது என்று கண்டு, தொலைவிலுள்ள நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். செப்டம்பரில் முன்பணம் 3,000. நகரத்தில் எக்கோ பரிசோதனை செய்து அக்டோபரில் ஒரு தேதி தந்தார்கள். அந்தத் தேதியில் ஏட்டைப் பார்த்தால், அவர் பெயரில் சேலைகள் வரவாகியிருக்கின்றன. அவர் போகவில்லை. தீபாவளிக்கு முன் சேலைகளை ஒப்படைக்க வேண்டும் என்று சங்கமே நெருக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. "பாவு பாதியிலே நின்னா கூலி இல்லீங்க சார். கூலி இல்லாம ஊருக்குப் போயி என்ன பண்றது?" என்றார் அவர். 2016 ஜனவரியில் நான்கு நாள் இடைவெளி, போனார்கள், குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் இருந்தமையால் மயக்க மருந்து கொடுக்க இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள். மார்ச்சில் இரண்டு அரை நாட்கள். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறாமையால் காப்பீட்டு அட்டைக்கு நடந்தது. ஜூனில் ஐந்து நாள். அவசர நோயாளிகள் வந்தமையால் அன்றைய பட்டியல் ஒத்தி வைக்கப்பட்டது. அதன்பின் அவர் மனைவி மறுபடி கர்ப்பமானார். ஏட்டில் இடைவெளியே இல்லை. மூன்று ஆண்டு துணி ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

அந்த மூன்றாண்டு ஒழுங்கைக் கண்டுதான் நமக்கு மனம் நடுங்கியது. "அப்புறம் புள்ளைக்கு மூச்சு வாங்கறது கொறஞ்சிருச்சு சார். சளியும் அவ்வளவா புடிக்கல. நல்லாயிருச்சுன்னு விட்டுட்டோம்" என்றார். நுரையீரற் குழாய்கள் தடித்து வழி குறுகும்போது பாய்ச்சல் குறைவதால், சில காலம் குழந்தை தேறியதுபோலவே தோன்றும். அந்தத் தேறுதல்தான் தவணை கடந்துகொண்டிருப்பதன் அடையாளம். இது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி; தறிமேட்டில் அமர்ந்திருந்த தந்தைக்கு எவர் சொல்வார்? 2019-இல் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுவினர் மறுபடி கண்டு அனுப்பினார்கள். நகரத்தில் குழாய் செலுத்திப் பரிசோதித்தபின், மூட இயலாது என்று கூறிவிட்டார்கள். அப்பெண் மாத்திரைகளோடு இருக்கிறாள். நாம் அவ்வீட்டிற்குச் சென்றபோது ராட்டையருகில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே சென்று தண்ணீர் கொண்டு வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்தது.

அந்த ஏட்டில் எவர்மீதும் குற்றம் சாட்ட இடமில்லை. சளியுள்ள குழந்தைக்கு மயக்கம் கொடுக்காதது சரியே. அவசர நோயாளிக்கு இடம் விட்டதும் சரியே. பாவை முடிக்க நின்றதும், அவர் நிலையில், சரியே. ஒவ்வொரு தாமதமும் தனித்தனியே நோக்கின் நியாயமானது. அவற்றைக் கூட்டிப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை என்பதே குறை.

பெண் குழந்தை என்பதும் இதில் ஒரு பங்கு வகித்ததா என்று அவரை நாம் கேட்கவில்லை. ஆனால் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தோர் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. இருதய அறுவை வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்ட குழந்தைகளை ஓராண்டிற்குப் பின் விசாரித்தபோது, ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 70 பேரும், பெண் குழந்தைகளில் நூற்றுக்கு 44 பேருமே அறுவை செய்துகொண்டிருந்தனர். மருத்துவமனை ஒன்று, மருத்துவர் ஒருவர், நோயும் ஒன்று. வேறுபாடு வீட்டுக்குள் இருக்கிறது.

பிரசவத்தில் தாய்மார் இறப்பதைப் பற்றி ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்னும் இருவர், 1994-இல் தாமதத்தை மூன்று வகையாகப் பிரித்தனர்: போவதென்று முடிவு செய்வதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம். குழந்தைகளின் ரண சிகிச்சைக்கும் இப்பகுப்பு நன்கு பொருந்துகிறது. பொதுமக்கள் பேச்சில் மூன்றாவது மட்டுமே அடிபடுகிறது. அரசாங்க மருத்துவமனை என்றாலே வரிசை என்று கூறி முடித்துவிடுகிறோம்.

வரிசை உண்மைதான். அது ஏன் நீள்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். பச்சிளங்குழந்தையை அறுப்பதற்கு ரண வைத்தியர் மட்டும் போதார். சிறு குழந்தைக்கு மயக்கம் கொடுக்கப் பயின்ற நிபுணர் வேண்டும். அறுவைக்குப் பின் சுவாசக் கருவியோடு கூடிய படுக்கை வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் பயிற்சிபெற்ற செவிலியர் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அன்றைய அறுவை நின்றுவிடும். ஒரு குழந்தை படுக்கையில் நான்கு நாளுக்குப் பதிலாகப் பத்து நாள் இருக்க நேர்ந்தால், அடுத்த குழந்தையின் தேதி தள்ளிப்போகும். குழந்தை இருதய அறுவைக்கான இடங்கள் நாட்டில் சிலவே. அவற்றுள்ளும் பெரும்பகுதி தென் மாநிலங்களில் அமைந்திருப்பதால் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இரண்டு மூன்று நாள் ரயிலேறி இங்கு வருகிறார்கள். 2020-இல் கொரோனா தொற்றின்போது அவசரமல்லாத அறுவைகள் யாவும் நிறுத்தப்பட்டன. அப்பொழுது அவசரமல்லாதிருந்த குழந்தை அதே நிலையில் இருந்துவிடவில்லை.

பணத் தடையைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரி முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பெரிய வேலை செய்திருக்கின்றன. வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. 2013-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் சென்று, பிறவிக் குறை உள்ள குழந்தைகளைக் கண்டு மேற்சிகிச்சைக்கு அனுப்புகின்றன. பதினெட்டு வயது வரை இது இலவசம். அறுவையின் விலையை அரசாங்கம் ஏற்கிறது. கண்டுபிடிப்பதையும் ஓரளவு ஏற்கிறது. கண்டுபிடித்த நாளுக்கும் அறுத்த நாளுக்கும் நடுவே கிடக்கும் வழியை எவர் ஏற்பது?

கூட்டுறவாளர்களே இதில் ஒரு முயற்சி செய்து காட்டியிருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2003 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த யஷஸ்வினி திட்டத்தை அறிந்த அங்கத்தினர் சிலர் இருக்கலாம். பெங்களூர் இருதய நிபுணர் டாக்டர் தேவி ஷெட்டியின் யோசனையில், மாநிலக் கூட்டுறவுத் துறையின் துணையோடு அது பிறந்தது. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் மாதம் ஐந்து ரூபாய், அதாவது ஆண்டுக்கு 60 ரூபாய் செலுத்தினர். அரசாங்கமும் தன் பங்கை இட்டது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். குறிப்பிட்ட மருத்துவமனைகளில் 1,600 வகைக்கு மேற்பட்ட அறுவைகளைக் கையிற் பணமின்றிச் செய்துகொள்ள முடிந்தது. 2018-இல் அது மாநிலத்தின் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. கூட்டுறவாளர்களின் கோரிக்கையின்பேரில் 2022-இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. நாம் அத்திட்டத்தை மனமாரப் போற்றுகிறோம். எனினும், அது விலையைத்தான் தீர்த்தது. எந்தக் குழந்தை முதலில், எந்த மருத்துவமனையில், எந்தத் தேதிக்குள் என்ற கணக்கு அதில் இல்லை.

அக்கணக்கைத் தொடங்கியது கேரளம். அங்கு பச்சிளங்குழந்தை மரணம் மற்ற மாநிலங்களைக் காட்டிலும் மிகக் குறைந்திருந்தது. மேலும் குறைக்க முயன்றபோது, எஞ்சிய மரணங்களில் இருதயக் குறைபாடு பெரும்பங்கு வகிப்பதைக் கண்டார்கள். 2017-இல் ஹிருத்யம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. எந்த மருத்துவமனையில் குழந்தையின் குறை கண்டறியப்பட்டாலும், பெயரைக் கணினி வழியாக ஒரே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்கிறார்கள். குழந்தை இருதய நிபுணர்கள் எக்கோ அறிக்கையைப் பார்த்து, உடனே செய்யவேண்டியது எது, சில வாரம் பொறுக்கலாவது எது, மாதங்கள் பொறுக்கலாவது எது என்று வகைப்படுத்துகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற அரசாங்க நிலையங்களும் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளும் அதே பதிவேட்டைப் பார்க்கின்றன. எங்கு இடம் உண்டோ அங்கு குழந்தை அனுப்பப்படுகிறது. தேவைப்படின் ஆம்புலன்சும் ஏற்பாடாகிறது. அறுவை முடிந்து வீடு திரும்பியபின்னும் சுகாதார ஊழியர் சென்று பார்க்கிறார்.

இதிலுள்ள நுட்பம் யாதெனில், வரிசை ஒழியவில்லை. வரிசையின் விதி மாறியது. முந்தி வந்தவர்க்கு முந்தி என்பது நியாய விலைக் கடைக்குப் பொருந்தும். குழந்தை அறுவைக்குப் பொருந்தாது. இரண்டு வார வயதுக் குழந்தையும் நான்கு வயதுக் குழந்தையும் ஒரே நாளில் பதிவு செய்தால், யாருடைய தவணை முன்னே வருகிறதோ அவருக்கே முதலிடம். நமது சங்கங்களில் கடன் வசூலுக்கு வைத்திருக்கும் தவணைவாரிப் பட்டியலையும் இதே முறையில்தான் எழுதுகிறோம் என்பதைக் காரியதரிசிகள் கவனிப்பார்களாக.

சங்கம் மருத்துவமனை கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். நிபுணரை நியமிக்கவும் அதனால் இயலாது. ஆனால் முன்கூறிய நெசவாளரின் ஏட்டில் கண்ட தாமதங்களுள் பாதிக்கு மேல் சங்கத்தின் கைக்கு எட்டியவை. காப்பீட்டு அட்டை ஒன்று. அங்கத்தினர் வீட்டில் குழந்தை பிறந்தவுடன் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்து, காப்பீட்டுக்கு எழுதுமாறு நினைவூட்டுவது காரியதரிசிக்குப் பத்து நிமிட வேலை. நோய் வந்தபின் அதையே செய்யப் பல வாரம் ஆகிறது. பயணச் செலவு மற்றொன்று. பல சங்கங்களின் உபவிதிகளில் பொதுநல நிதி என்ற தலைப்பு உண்டு. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவதற்கு மட்டும் அது நினைவுக்கு வருவதை நாம் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறோம். விவசாயச் சங்கங்களிலோ, அறுவடை நாளில் வந்த தேதிதான் பெரும்பாலும் தவறுகிறது. குடலிறக்கம் உள்ள கைக்குழந்தையை நெல் அடித்தபின் அழைத்துப் போகலாம் என்று நிறுத்தி, நடு இரவில் குடல் சிக்கி அலறிக்கொண்டு ஓடிய குடும்பங்கள் எல்லா வட்டாரத்திலும் உண்டு. கைக்குழந்தையின் கவட்டைக் குடலிறக்கம் தானாக மறைவதில்லை.

சிறு செய்தி போலத் தோன்றினும், அறுவைத் தேதி கெட்டுப்போகும் காரணங்கள் இரண்டை இங்கே எழுதிவைக்கிறோம். ஒன்று சளி. தேதிக்கு ஒரு வாரம் முன்பே குழந்தைக்குச் சளி, காய்ச்சல் கண்டால், புறப்படுமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்து மாற்றுத் தேதி கேட்டுக்கொண்டால் பயணமாவது மிஞ்சும்; அந்த இடமும் வேறொரு குழந்தைக்குப் பயன்படும். மற்றொன்று உணவு. மயக்கம் கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து உணவும் பசும்பாலும், நான்கு மணி நேரம் முன்பிருந்து தாய்ப்பாலும், இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் நிறுத்துதல் பொது விதி. மருத்துவமனை வேறு விதமாகக் கூறினால் அதன்படியே செய்க. குழந்தை அழுகிறதே என்று பாட்டி கொடுத்த ஒரு பிஸ்கோத்தினால் இரண்டு மாதம் காத்துப் பெற்ற தேதி கைநழுவிய கதைகளை மயக்க மருந்து நிபுணர்கள் நிறையக் கூறுவர்.

சங்கத்தில் பதிவேடு வைத்தால் வீட்டுச் செய்தி ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் அங்கத்தினருக்கு இயல்பே. குழந்தையின் உடற்குறை பொதுக்குழுவில் படிக்கவேண்டிய விஷயமன்று. பெயரும், "இன்ன மாதத்திற்குள்" என்ற தவணையும், அடுத்துப் போகவேண்டிய தேதியும் மட்டும் எழுதி, காரியதரிசியின் மேசையறையில் பூட்டி வைத்தாற் போதும். என்ன நோய் என்பது ஏட்டில் தேவையில்லை. பெண் அங்கத்தினர் ஒருவர் நிர்வாக சபையில் இருப்பின், இவ்வேட்டை அவரிடம் ஒப்படைப்பது இன்னும் நலம். தாய்மார் அவரிடமே வாய் திறப்பர்.

முன்கூறிய சங்கத்தில் இப்பொழுது ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. குழந்தையின் சிகிச்சைக்காக வெளியூர் செல்லும் நெசவாளரின் தறியில் பாவு நின்றால், பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் வந்து நெய்து முடிக்கிறார். கூலியை நெய்த அளவுக்கேற்ப இருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். பயணத்திற்கு வட்டியில்லா முன்பணமும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு வளைபாதக் குழந்தைக்கு ஆறு வாரமும், ஓர் உதட்டுப் பிளவுக் குழந்தைக்கு நான்கு நாளும் இவ்வேற்பாடு பயன்பட்டது. நிர்வாக சபைத் தீர்மானம் முறையாக இருக்கிறது. ரசீதுகளும் சரியாக இருக்கின்றன. முன்பணத்தை மட்டும் "இதரச் செலவு" என்ற தலைப்பில் எழுதியிருந்தார்கள். அதற்கெனத் தனித்தலைப்பு ஒன்று திறக்குமாறு ஆய்வுக் குறிப்பில் எழுதியிருக்கிறோம். 2015-ஆம் ஆண்டின் 3,000 ரூபாயைப் பொதுநல நிதியிலிருந்து ஈடுசெய்து கணக்கை முடிக்கும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது.